ஊனும் ஊற்றும், அல்லது ஓர் எழுத்தின் வரலாறு

புதிய பொருள் ஒன்று ஒரு நாட்டினுட் புகுங்கால் அதற்குப் பெயரிடும் கடமை அந்நாட்டு மொழிக்கு உண்டாகின்றது. பெயரிடும் வழிகள் மூன்று. பொருளோடு கூட வந்த பிறமொழி ஒலியை அவ்வாறே ஏற்றுக்கொள்ளுதல் ஒன்று. முன்னரே வழங்கும் சொற்களை இணைத்தோ விரித்தோ அப்பொருளைக் கூறுதல் மற்றொன்று. முன்னில்லாத ஒன்றைப் புதிதாகப் படைத்தல் மூன்றாவது. இவற்றுள் எது தக்கது என்பதுபற்றிக் கற்றோர் எந்நாட்டிலும் வழக்கிட்டு வருகின்றனர். அவ்வழக்கிற் சொல்லப்படும் நியாயங்கள் பெரும்பாலும் பொதுப்பட நின்றுவிடுகின்றமையால், கேட்போர் ஒரு முடிவுக்கு வருதல் அரிதாகின்றது. ஆதலின் தனியொரு சான்றை எடுத்து, அதன் பிறப்பையும் வளர்ச்சியையும் ஆராய்ந்து, அதனால் அறியக்கிடப்பது யாது என நோக்குதல் நலமென்று எண்ணுகின்றோம்.

நாம் எடுத்துக்கொண்ட சான்று சீனரும் ஜப்பானியரும் வழங்கும் எழுத்துக்களுள் ஒன்று. உடலினுள் உமிழ்நீர், கண்ணீர், வியர்வை முதலியவற்றைச் சுரக்கும் உறுப்புக்களை இக்காலத்துத் தமிழ் நூல்கள் சுரப்பி என்று கூறுகின்றன. அச்சுரப்பியைக் குறிக்கும் எழுத்தே அது. சீன எழுத்துக்களின் தொன்மையை நோக்க அது நேற்றுப் பிறந்த குழவி எனலாம். காங்ஷி என்னும் சீனச் சக்கரவர்த்தியின் ஆணையால் 1716-ஆம் ஆண்டில் முற்றுப்பெற்ற பேரகராதியில் ஏறத்தாழ 47,000 எழுத்துக்கள் தொகுக்கப்பட்டுள்ளன. அத்துணைப் பெருந்தொகையுள்ளும் இவ்வெழுத்து இல்லை. அக்காலத்தில் இது பிறக்கவேயில்லை. பின்னர்ப் பிறந்ததும் சீனாவிலன்று, ஜப்பானில்.

இதன் அமைப்பை அறிதற்குச் சீன எழுத்தின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும். நம் எழுத்து ஒலியைக் குறிப்பது. சீன எழுத்தோ ஒவ்வொன்றும் ஒரு சொல்லையேனும் சொல்லின் பகுதியையேனும் குறிப்பது. கி. பி. 100-ஆம் ஆண்டளவில் ஷு ஷென் என்னும் புலவர் 9,353 எழுத்துக்களை ஆராய்ந்து, அவற்றை 540 தலைப்புக்களின்கீழ் வகுத்து, எழுத்துக்கள் அமையும் முறை ஆறெனக் கூறினார். அவற்றுள் இரண்டு நமக்கு வேண்டுவன. பொருளுடைய இரண்டு உறுப்புக்கள் கூடிப் புதியதொரு பொருளைத் தருவது ஒரு முறை. மனிதனைக் குறிக்கும் உறுப்பின் பக்கத்தே மரத்தை எழுதினால் இளைப்பாறுதல் என்பது பொருளாகும். ஓர் உறுப்புப் பொருளையும் மற்றோர் உறுப்பு ஒலியையும் தருவது இரண்டாவது முறை. ஆட்டைக் குறிக்கும் எழுத்துக்கு யாங் என்பது ஒலி. அதனோடு நீரைக் குறிக்கும் உறுப்பைச் சேர்த்தால் பெருங்கடல் என்னும் சொல்லாம். அதன் ஒலியும் யாங் என்பதே. ஆட்டுக்கும் கடலுக்கும் உறவு யாதுமில்லை. ஆடு இங்கே ஒலி தருதற்கு மட்டும் வந்து நிற்கின்றது.

ஜப்பானியர் இவ்வெழுத்துக்களைச் சீனரிடமிருந்து பெற்றுத் தம் மொழிக்கு உரியனவாக்கிக் கொண்டனர். பெற்றதோடு அவர் அமையவில்லை. சீனரிடத்து எழுத்தில்லாத தம் சொற்களுக்குத் தாமே எழுத்துப் படைக்கவும் துணிந்தனர். மலை, மேல், கீழ் என்னும் மூன்றையும் அடுக்கி, மலைமேல் ஏறி அப்பால் இறங்கும் கணவாய்க்கு எழுத்தாக்கினர். தீயையும் வயலையும் சேர்த்துப் புன்செய் நிலத்துக்கு எழுத்தாக்கினர். உடலையும் அழகையும் சேர்த்து, சிறாரை ஒழுக்கத்திற் பயிற்றுதல் என்னும் சொல்லுக்கு எழுத்தாக்கினர். இத்தகையன பலவற்றுக்குச் சீன ஒலி கிடையாது. தாய்மொழிச் சொல்லின் ஒலியே உண்டு. சுரப்பியைக் குறிக்கும் நம் எழுத்தோ இவ்வினத்திற் பிறந்தும் இயல்பில் வேறுபட்டது. அதற்கு வழங்கும் ஒலி ஸென் என்னும் சீன வழி ஒலி ஒன்றே. அது நாட்டுப்புறத்துப் பழஞ்சொல்லுக்கு வந்த எழுத்தன்று. நூலறிவினின்று பிறந்த எழுத்து.

அதன் வடிவைக் கூறுவோம். இடப்புறத்தே நிற்கும் உறுப்பு, காண்பதற்குத் திங்களைக் குறிக்கும் எழுத்தையே ஒக்கும். ஆயின் அது திங்களன்று. ஊனைக் குறிக்கும் எழுத்துக் குறுகி அவ்வடிவு கொண்டது. உடலுறுப்புக்களின் பெயர்களிற் பெரும்பாலானவற்றில் இதனைக் காணலாம். வலப்புறத்தே நிற்பது நீரூற்றைக் குறிக்கும் எழுத்து. இக்காலத்து வடிவில் அது வெண்மையின் கீழ் நீர் எழுதியதுபோலத் தோன்றினும், மிகப் பழைய வடிவங்களில் நிலத்தின் வாயினின்று நீர் வெளிப்படும் ஓவியமாகவே இருந்தது. ஊனும் ஊற்றும் அருகருகே நிற்ப, ஊனினுள் அமைந்த ஊற்று என்னும் பொருள் படிப்போர் கண்முன் எழுகின்றது. ஊற்று என்னும் எழுத்தின் சீன வழி ஒலியும் ஸென் என்பதே. ஆதலின் ஷு ஷென் கூறிய இரு முறைகளும் ஈண்டு ஒருங்கே அமைந்தன. ஒலி தரும் உறுப்பே பொருளையும் தருகின்றது. கடலுக்குள் நின்ற ஆட்டைப்போல இங்கே வெறுமனே நிற்கும் உறுப்பு ஒன்றுமில்லை.

நிற்க. இவ்வெழுத்துப் பிறந்த வரலாறு அதன் வடிவினும் சுவையுடையது. ஜப்பான் தேசம் தன் வாயில்களை அடைத்திருந்த காலத்தில், ஐரோப்பியருள் டச்சுக்காரர் மட்டும் நாகசாக்கித் துறைமுகத்திலிருந்த தேஜிமா என்னும் சிறு தீவில் தங்கி வாணிகம் செய்ய விடப்பட்டிருந்தனர். மேல்நாட்டுக் கல்வி அவ்வொரு சாளரத்தின் வழியே உள்ளே வந்தது. 1771-ஆம் ஆண்டில் சுகிதா கென்பாக்கு, மாயெனோ ரியோடாக்கு முதலிய வைத்தியர் சிலர், யெடோ நகரின் கொலைக்களத்தில் ஒரு பிணம் அறுக்கப்படுதலைக் கண்டனர். குல்முஸ் என்னும் ஜெர்மானியர் இயற்றிய உடற்கூற்று நூலின் டச்சு மொழிபெயர்ப்பு அவர் கையில் இருந்தது. அதன் படங்கள் கண்முன் கிடந்த உடலோடு ஒத்தன. தாம் கற்றிருந்த பழைய நூல்களோ ஒவ்வாவாயின. உடனே அந்நூலை மொழிபெயர்க்கத் துணிந்தனர். தக்க அகராதியும் ஆசிரியரும் இன்றி உழைத்து, 1774-ஆம் ஆண்டில் 'கைதாய் ஷின்ஷோ' என்னும் பெயரால் அதனைச் சீன மொழிநடையில் வெளியிட்டனர்.

அந்நூலார் தாம் கையாண்ட மொழிபெயர்ப்பு முறைகள் மூன்றெனக் கூறினர். நேரான சொல் உளதாயின் அதனையே இடுதல். அஃது இல்லையாயின் பொருள் நோக்கிப் புதுத்தொடர் அமைத்தல். அதுவும் இயலாதாயின் டச்சு ஒலியை எழுத்திற் பெயர்த்தல். நரம்புகளின் வழியே உணர்ச்சி செல்லுதலைக் குறிக்க, உயிராற்றல், உடலிலுள்ள வழி என்னும் பொருள்படும் பழஞ்சொற்களினின்று இரண்டெழுத்தை எடுத்து இணைத்தனர். அத்தொடர் இன்றும் ஜப்பானிலும் சீனாவிலும் வழங்குகின்றது. சுரப்பிக்கு வந்தபோதோ அவர் இடர்ப்பட்டனர். டச்சுக்காரர் அதனைக் க்லீர் என்பர். நேரான சொல்லும் கிடைக்கவில்லை. பொருளும் முற்றும் விளங்கவில்லை போலும். ஆதலின் கிரீரு என ஒலிக்கும் மூன்று எழுத்துக்களை அடுக்கி வைத்தனர். கணையத்தைப் பெருங் கிரீரு என்றனர். அவ்வெழுத்துக்களின் பொருளை நோக்கினார்க்கு உடலைப்பற்றி ஒன்றும் தோன்றாது. பெயர் இருந்தது; அறிவு இல்லை.

முப்பத்தோராண்டு சென்றபின் இக்குறை நீங்கிற்று. நீக்கியவர் உடகாவா கென்ஷின் என்னும் வைத்தியர். அவர் ஈஸே நாட்டினர். சுகிதா கென்பாக்கு அவருடைய திறமையை வியந்து மகனாக ஏற்றனர். பின்னர் அவர் ஒழுக்கந் தவறியமையால் அவ்வுறவு அறுந்தது. அந்நிலையிலும் கல்வியைக் கைவிடாது, 1796-ஆம் ஆண்டில் வெளிவந்த டச்சு ஜப்பானிய அகராதிப் பணியில் துணைநின்றனர். அதன்பின், ஸுயாமா நாட்டுத் தலைவரின் வைத்தியராயிருந்த உடகாவா குடும்பத்திற்குத் தத்துப் பிள்ளையாகி அதன் தலைமையை ஏற்றனர். 1805-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட 'இஹான் தெய்கோ' என்னும் உடற்கூற்று நூல் ஜப்பானிய நடையிலேயே அமைந்தமையாற் பலராலும் கற்கப்பட்டது. நாம் கூறிவரும் எழுத்து அந்நூலில் வழங்கப்பட்டது. கணையத்துக்கும் அவர் ஓர் எழுத்துப் படைத்தனர். அதில் ஊனின் பக்கத்தே, ஒன்றுகூடுதல் என்னும் பொருளுடைய எழுத்து நிற்கின்றது. கணையத்தைக் கிரேக்கர் 'எல்லாம் ஊன்' என்னும் பொருள்படப் பெயரிட்டனர். டச்சுச் சொல்லும் அதனையே தழுவியது. அவற்றோடு கென்ஷினின் எழுத்தை ஒப்பிட்டு நோக்குவார்க்கு அதன் பொருத்தம் விளங்கும்.

கென்ஷின் செய்ததன் அருமையை உணர்தற்கு ஐரோப்பியச் சொல்லையும் நோக்குதல் வேண்டும். சுரப்பியை இலத்தீன் மொழியார் சிறு கருவாலிக்கொட்டை என்னும் பொருள்படும் சொல்லாற் குறித்தனர்; ஆங்கிலச் சொல்லும் அதன் வழித்தோன்றலே. அஃது உருவத்தைக் கண்டு இட்ட பெயர். கையால் தடவிப் பார்த்தவனுக்கு உருண்டையாகத் தட்டுப்பட்டது, அவ்வளவே. கென்ஷின் காலத்து ஐரோப்பிய வைத்தியரோ, சுரப்பி இரத்தத்தினின்று ஒரு நீரைப் பிரித்து ஒழுக்குகின்றது என்று கொண்டிருந்தனர். அவர் நூல்களைக் கற்ற கென்ஷின், அவர் சொல்லைப் பெயர்க்காது அவர் அறிவைப் பெயர்த்தனர். கருவாலிக்கொட்டையையும் ஒலியையும் விடுத்து, உறுப்பின் தொழிலைப் பெயராக்கினர். மொழிபெயர்ப்பிற் சிறந்தது இதுவே என்பது நம் கருத்து. சொல்லுக்குச் சொல் தேடுவோன் வாயிலில் நிற்கின்றான். பொருளை அறிந்து பெயரிடுவோன் வீட்டினுட் புகுந்தவனாவான்.

இனி, இவ்வெழுத்தின் செலவை நோக்குவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சீனாவிலும் மேல்நாட்டு மருத்துவம் பரவிற்று. கான்டன் நகரில் மருத்துவப் பணி புரிந்த பெஞ்சமின் ஹாப்ஸன் என்னும் ஆங்கிலேயர் 1851-ஆம் ஆண்டில் உடற்கூற்று நூல் ஒன்றைச் சீன மொழியில் வெளியிட்டனர். கணையத்தை அவர் இன்னூன் எனப் பொருள்படும் தொடராற் குறித்தனர். ஆங்கிலேயர் சமையலறையில் அவ்வுறுப்புக்கு வழங்கும் பெயரை அது நினைவூட்டும். வேறு துறைகளிலும் புதிய எழுத்துக்கள் தோன்றின. ஷு ஷோ என்னும் அறிஞர் ஜான் பிரையருடன் கூடி ரசாயன நூல்களைப் பெயர்த்த காலத்தில், உலோகத்தைக் குறிக்கும் உறுப்போடு மேல்நாட்டுப் பெயரின் ஓரொலியைச் சேர்த்துத் துத்தநாகம் முதலியவற்றுக்கு எழுத்தமைத்தனர். அம்முறை வினைக்கு எளிது. ஆயின் அவ்வெழுத்து இது ஓர் உலோகம் என்பதற்குமேல் யாதும் அறிவியாது.

சுரப்பிக்கு நல்லதோர் எழுத்து வேண்டியிருந்த சீனர், ஜப்பானியர் படைத்ததை ஏற்றுக்கொண்டனர். எழுத்துக் கற்பித்த ஆசிரியன், மாணாக்கன் ஆக்கிய எழுத்தைக் கைந்நீட்டிப் பெற்றமை உவகை தருவதொன்று. பெற்றவர் அதற்குத் தம் நாட்டொலி இட்டனர். ஊற்று என்னும் எழுத்தைச் சீனர் ச்சுவென் என்பது போல ஒலிப்பர். இதனையோ, அதே உறுப்பைத் தன்பாற்கொண்டு இழை என்னும் பொருள்படும் மற்றோர் எழுத்தின் ஒலியோடு ஒப்ப, ஷியென் என்றே ஒலிக்கின்றனர்.

ஆயின் கென்ஷின் படைத்த இரண்டையும் சீனர் ஒருங்கே நிலைநிறுத்தவில்லை. கணையத்துக்கு அவரிடமே பழையதோர் எழுத்து இருந்தது. பன்றியின் கணையத்தைக் கொண்டு அழுக்குப் போக்கும் சவர்க்காரம் செய்தல் அந்நாட்டு வழக்கம். அதனால் வடசீனத்திற் சவர்க்காரத்துக்கே அவ்வெழுத்தினின்று பிறந்த பெயர் வழங்கிற்று. அப்பழைய எழுத்தையே சீன வைத்தியர் கணையத்துக்கு நிலையாகக் கொண்டனர். இன்று அவர் வழங்கும் தொடரில், தம் பழைய எழுத்து முன்னும் சுரப்பியைக் குறிக்கும் ஜப்பானிய எழுத்துப் பின்னும் நிற்கின்றன. தம்மிடம் உள்ளதை விடாது, இல்லாததைப் பெறுதற்கு நாணாது நடந்த இச்செயலை நாம் பெரிதும் பாராட்டுகின்றோம். கொரியரோ கென்ஷினின் இரண்டு எழுத்துக்களையும் கொண்டனர். இக்காலத்து அவர் சீன எழுத்தை விடுத்துத் தம் எழுத்திலேயே எழுதுகின்றமையால் எழுத்தின் உருவம் மறைந்தது. ஆயினும் அந்நாட்டு உடற்கூற்று அறிஞர், சீன வழி ஒலியின் இடத்தில் ஊற்று என்னும் பொருளுடைய தாய்மொழிச் சொல்லையே வைத்துக் கண்ணீரூற்று, உமிழ்நீரூற்று எனப் பெயர் அமைத்துள்ளனர். உருவம் போயிற்று, ஒலியும் போயிற்று, கென்ஷின் கண்ட பொருள் மட்டும் போகவில்லை.

இக்கொள்கைக்கு மாறாகக் கூறுவாரும் உளர். அவருட் சிலர், முன்னோர் விட்டுச்சென்ற எழுத்துத்தொகை நிறைவுடையது, அதிற் புதியது சேர்த்தல் செருக்கு என்பர். கென்ஷின் புதிய வரிவடிவம் ஒன்றையும் வரையவில்லை என்பதனை அவர் நோக்குதல் வேண்டும். ஊனும் பழையது, ஊற்றும் பழையது, இரண்டையும் சேர்க்கும் முறையும் பழையதே. சேர்க்கை ஒன்றே புதிது. முன்னோர் அமைத்த முறையை அறிந்து அம்முறையாற் புதியது செய்தலே அவரைப் போற்றுதலாகும். அவர் செய்தவற்றை எண்ணிக் காத்திருத்தல் மட்டும் போற்றுதலாகாது.

வேறு சிலர், புதிய எழுத்துக் கற்போர்க்குச் சுமையென்பர். இத்தடையில் உண்மை உண்டு. கென்ஷின் காலத்தும் அதன் பின்னும் வேறு பலர் படைத்த எழுத்துக்கள் வழங்காது மாய்ந்தன. படைத்தனவெல்லாம் நிலைபெறல் வேண்டுமென்று நாம் கூறோம். ஆயின் சுமையைக் குறைக்கப் புகுந்து பொருளைக் குறைத்தலும் தவறாம். ஜப்பானிய அரசாங்கம் 1946-ஆம் ஆண்டில் பொது வழக்கிற்கு 1,850 எழுத்துக்களை வரையறுத்தபோது சுரப்பியின் எழுத்து அத்தொகையிற் சேரவில்லை. 1981-ஆம் ஆண்டுத் தொகையிலும் இடம்பெறவில்லை. அதனாற் பொதுமக்களுக்கு எழுதுவோர், கண்ணீர்ச் சுரப்பி முதலிய பெயர்களில் முற்பகுதியைச் சீன எழுத்திலும் ஸென் என்பதனை ஒலியெழுத்திலும் எழுத நேர்ந்தது. ஸென் என ஒலிக்கும் சொற்கள் ஜப்பானிய மொழியிற் பல. ஒலியை மட்டும் கண்டவனுக்கு ஊற்றுத் தோன்றாது. 1774-ஆம் ஆண்டுக் கிரீருவின் நிலைக்கே சொல் திரும்பிற்று எனலாம். 2010-ஆம் ஆண்டில் தொகை 2,136 ஆக விரிக்கப்பட்டபோது இவ்வெழுத்து அதன்கட் சேர்க்கப்பட்டது. அது தக்க செயலென்றே துணிகின்றோம். கணையத்தின் எழுத்து அப்பொழுதும் சேர்க்கப்படவில்லை. நோயுற்றவனும் அவன் சுற்றத்தாரும் தம் உடலைப்பற்றிப் படித்தறிய வேண்டிய சொல், வைத்தியர்க்கு மட்டும் விளங்கும் எழுத்திற் கிடத்தல் நன்றன்று.

பொருள் விளங்கும் பெயருக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. அது தவறாக வழங்கப்பட்டால் தானே அதனைக் காட்டிக் கொடுக்கும். கழுத்திலும் அக்குளிலும் தட்டுப்படும் நிணநீர் முடிச்சுக்களையும், தொண்டையின் இருமருங்கும் உள்ள சதைகளையும் முன்னர்ச் சுரப்பிகளின் இனத்தில் வைத்தனர். ஜப்பானியரும் அவற்றின் பெயரீற்றில் நம் எழுத்தையே சேர்த்தெழுதினர். அவை ஒரு நீரையும் சுரப்பனவல்ல. உடலின் காவலுக்கு உரியன என்பது பின்னர்த் தெளிவாயிற்று. உடனே அப்பெயர் பொருந்தாமை வெளிப்பட்டது. ஊற்றில்லாத இடத்தில் ஊற்று என்று எழுதுவதெங்ஙனம்? இன்று ஜப்பானிய வைத்திய நூலார் நிணநீர் முடிச்சைக் கணு என்னும் பொருளுடைய எழுத்தாற் குறிக்கின்றனர். தொண்டைச் சதையின் பெயரினின்று சுரப்பியின் எழுத்தை நீக்கிவிட்டனர். கருவாலிக்கொட்டை என்று பெயரிட்டவனுக்கு இத்திருத்தம் எளிதிற் புலப்படாது. முடிச்சும் கொட்டைபோலத்தானே இருக்கின்றது! மற்றொருபுறம், குழாய் வழியாக அன்றி இரத்தத்திலேயே தம் நீரைக் கலக்கும் கழுத்துச் சுரப்பி முதலியவற்றின் இயல்பு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நன்கு விளங்கியபோது, இவ்வெழுத்து அவற்றுக்கும் பொருந்தியே நின்றது. புறத்தே ஓடினும் அகத்தே பரவினும் ஊற்று ஊற்றே.

இவ்வாறு வைத்தியர் நூலிற் பிறந்த எழுத்து, நாளடைவில் வீதிக்கும் வந்தது. எளிதிற் கண்கலங்குவோனைக் கண்ணீர்ச் சுரப்பி தளர்ந்தவன் என்று ஜப்பானியர் பேச்சிற் கூறுவர். கூறுவோருட் பலர் உடகாவா கென்ஷினை நினையார். கிரீரு என்று ஒரு பெயர் இருந்ததனையும் அறியார். படைத்தவன் பெயர் மறைந்து படைப்பு யாவர்க்கும் பொதுவாதலினும் சிறந்த புகழ் சொல்லாக்குவோனுக்கு இல்லை.

மாணவ நண்பர்காள்! நம் மொழியிற் சுரப்பி என்னும் சொல் சுரத்தல் என்னும் வினையடியாகப் பிறந்தது. ஊற்றில் நீர் சுரக்கின்றது என்கின்றோம். தாயிடத்துப் பால் சுரக்கின்றது என்கின்றோம். கென்ஷின் ஊனிடத்தே கண்ட ஊற்றைத் தமிழும் தன் வழியாற் கண்டது. ஒன்றினின்று மற்றொன்று கடன்பெற்றதாக நாம் கூறவில்லை. பொருளின் இயல்பை உற்று நோக்குவோர் வேறு வேறு வழியாற் சென்றும் ஓரிடத்தே சந்திப்பர் என்பதே நாம் கூறுவது. உங்களுட் பலர் நாளை வைத்தியராகவும் ஆசிரியராகவும் பொறிவல்லாராகவும் விளங்குவீர்கள். நீவிர் கற்ற கல்வியை அக்கல்வி பெறாதார்க்கு எடுத்துரைக்கும் காலம் வரும். அப்பொழுது ஆங்கிலச் சொல் இதற்கு யாது என்று மட்டும் வினவாதீர். இப்பொருள் செய்யும் தொழில் யாது என்று முதற்கண் வினவுங்கள். பின்னர் நம்மிடம் உள்ள சொற்களைத் தேடுங்கள். உள்ளது போதுமாயின் புதியது வேண்டா. பிறர் ஆக்கியது சிறந்ததாயின் அதனைக் கொள்ள நாணவேண்டா. இரண்டும் இல்லாதபோது பழைய கற்களைக் கொண்டு புதிய சுவர் எழுப்புங்கள். அச்சுவர் நிற்குமோ வீழுமோ என்பதனை வழக்காறு தீர்க்கும். கட்டுவோன் கடமை, கட்டப்படும் பொருளை நன்கறிந்து கட்டுதல்.